நாட்டுத் துப்பாக்கிக்கு வெந்நீர்தான் மருந்து

துப்பாக்கிக் குழலுக்குள் தண்ணீர் ஊற்றலாமா? இந்தக் கேள்வியைக் கேட்டால் பத்துப் பேரில் ஒன்பது பேர் சிரிப்பார்கள். இரும்பில் தண்ணீர் பட்டால் துருப் பிடிக்கும் என்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அதுவும் நான் வேதியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறவன், போதாக்குறைக்கு என்.சி.சி.யில் மூன்று வருடம் இருந்தவன். அதனால்தான் தாத்தாவிடம் இந்த விஷயத்தில் ஒரு வருடம் சண்டை போட்டேன். தோற்றது நான்தான் என்பதை முதலிலேயே ஒத்துக்கொண்டு விடுகிறேன்.

வீடு ராஜபாளையத்தில். தாத்தாவின் தோப்பு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலை அடிவாரத்தில். மாமரமும் தென்னையும், கொஞ்சம் மக்காச்சோளமும். இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. மழை பெய்து சோளம் கதிர் பிடிக்கும்போது காட்டுப்பன்றி வரும், தென்னை குருத்து விட்டால் யானை வரும். தாத்தாவிடம் ஒரு ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி உண்டு. உரிமம் உள்ளது. வாய் வழியாக மருந்து போட்டு, தேங்காய் நார் வைத்து, கம்பியால் இடித்து, பின்னால் கேப்பு மாட்டிச் சுடுகிற பழைய ரகம். ரவை போடுவதில்லை. வெறும் சத்தம் மட்டும்தான். "டொம்" என்று ஒரு சத்தம், பன்றிக்கூட்டம் ஓடைப் பக்கம் திரும்பி விடும், தாத்தா கட்டிலுக்குத் திரும்பி விடுவார்.

2024 மார்ச் 16-ஆம் தேதி நாடாளுமன்றத் தேர்தல் அறிவித்தார்கள். தேர்தல் வந்தால் உரிமம் உள்ள துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும், எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒப்படைப்பதற்கு முந்தைய ராத்திரி பன்றி வந்தது, தாத்தா இரண்டு வேட்டு போட்டார். அவருக்கு அப்போது காய்ச்சல். காலையில் மாமாதான் துப்பாக்கியை எடுத்துப் போனார். வெளிப்பக்கம் தேங்காய் எண்ணெய் போட்டுப் பளபளவென்று துடைத்து, பத்திரமாகச் சாக்கில் சுற்றி, ரசீதும் வாங்கி வந்தார். குழலின் உள்ளே யாரும் கை வைக்கவில்லை.

ஓட்டு எண்ணியது ஜூன் 4. துப்பாக்கி வீட்டுக்கு வந்தபோது கிட்டத்தட்ட மூன்று மாதம். இடையில் கோடை மழை வேறு. டார்ச் அடித்துப் பார்த்தால் குழல் உள்ளே செங்கல் நிறம். நான் என் என்.சி.சி. ஞானத்தைக் காட்டினேன்: "எண்ணெய் விட்டுத் துணியால் இழுத்தால் சரியாகிவிடும் மாமா." மண்ணெண்ணெய், மெஷின் எண்ணெய், பழைய வேட்டித் துணி என்று ஒரு மணி நேரம் இழுத்தோம். கறுப்பாகவும் சிவப்பாகவும் வந்துகொண்டே இருந்தது. போதும் என்று விட்டோம்.

அந்த வாரமே ஒரு ராத்திரி மாமா மருந்து போட்டுக் குதிரையைத் தட்டினார். கேப்பு மட்டும் 'சட்' என்றது, மருந்து பிடிக்கவில்லை. இன்னொரு கேப்பு மாட்டினார். இந்த முறை வெடித்தது, ஆனால் முன்னால் மட்டும் இல்லை. கேப்பு உட்காரும் சின்னக் குமிழ் இருக்கிறதே, அது மரையோடு பிடுங்கிக்கொண்டு பின்னால் வந்தது. மாமாவின் வலது புருவத்தில் நான்கு தையல். அரை அங்குலம் கீழே பட்டிருந்தால் கண். எண்ணெய் விட்டால் சரியாகிவிடும் என்று சொன்னவன் நான்.

தாத்தா திட்டவில்லை. மறுநாள் குமிழ் இருந்த ஓட்டையைப் பார்த்துவிட்டு, "ஏலே, சுட்ட ராத்திரியே வெந்நீர் ஊத்தியிருக்கணும்லா" என்றார். "தண்ணி ஊத்தினா துருப் பிடிக்காதா தாத்தா?" என்றேன். "உப்பு எதுலலே கரையும், எண்ணெயிலயா தண்ணியிலயா?" என்றார். நான் வேதியியல் மாணவன்! அவர் ஐந்தாம் வகுப்பு!

உட்கார்ந்து யோசித்தால் அதில்தான் எல்லாம் இருக்கிறது. கருமருந்து என்பது வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்தது. பக்கத்தில் சிவகாசியை வைத்திருக்கும் நமக்கு இது புதிதில்லை. ஆனால் எரிந்த பிறகு என்ன மிஞ்சும் என்று நாம் யோசிப்பதில்லை. 1870-களில் இங்கிலாந்தில் நோபிள், ஏபெல் என்ற இருவர் வெடிமருந்தை மூடிய கலத்துக்குள் எரித்து எடை போட்டுப் பார்த்தார்கள். சுமார் 43 சதவீதம்தான் வாயுவாகிறது, மிச்சம் 57 சதவீதம் திடப்பொருள். அதாவது போட்ட மருந்தில் பாதிக்கு மேல் புகையாகவும் கரியாகவும் அழுக்காகவும்தான் முடிகிறது. கருமருந்துத் துப்பாக்கி சுட்டால் வெள்ளைப் புகை மூடிக்கொள்வது இதனால்தான். அந்தத் திடப்பொருள் பெரும்பாலும் பொட்டாசியம் கார்பனேட், பொட்டாசியம் சல்பேட், பொட்டாசியம் சல்பைடு. மூன்றும் உப்புகள், தண்ணீரில் கரைபவை. இதில் கார்பனேட்டுக்கு ஒரு கெட்ட குணம். காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து இழுத்துத் தானே கசியத் தொடங்கிவிடும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்களே, அதைவிட மோசம். குழலுக்குள் இரும்பை ஒட்டி ஒரு ஈரமான உப்புப் பூச்சு. துருவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இதன்மேல் எண்ணெய் பூசினால் என்ன ஆகும்? உப்பு எண்ணெயில் கரையாது. எண்ணெய் மேலே படர்ந்து மூடிக்கொள்ளும். வெளியே பார்த்தால் மினுமினுப்பு, அடியில் துரு தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். மாமாவும் நானும் செய்தது இதைத்தான். என்.சி.சி.யில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது தப்பில்லை. புல்த்ரூ கயிறு, நாலுக்கு இரண்டு ஃப்ளானல் துணி, இரண்டு சொட்டு எண்ணெய் என்பதெல்லாம் புகையில்லா மருந்து போட்ட தோட்டாவுக்குச் சரி. அது வேறு மருந்து, வேறு அழுக்கு. அதிலும் பாருங்கள், பழைய .303 தோட்டாவின் கேப்பில் பொட்டாசியம் குளோரேட் இருந்ததால் பிரிட்டிஷ் ராணுவத்தில் சுட்டு முடித்ததும் புனல் வைத்து வெந்நீர் ஊற்றித்தான் குழலைக் கழுவினார்கள், எண்ணெய் அதற்குப் பிறகுதான். தாத்தா சொன்னதையே வெள்ளைக்காரன் சார்ஜென்டும் சொல்லியிருக்கிறான்!

இன்னொரு தப்புக் கணக்கு எங்கள் பக்கம் பரவலாக இருக்கிறது. "ரவையே போடலையே, வெறும் சத்தம்தானே, எதுக்குக் கழுவணும்?" என்பது. உண்மை நேர் எதிர். ரவை இல்லாமல் வெறும் நாரை வைத்துச் சுட்டால் குழலுக்குள் அழுத்தம் குறைவு. அழுத்தம் குறைந்தால் மருந்து முழுசாக எரியாது, கரி கூடத்தான் படியும். விரட்ட மட்டும் சுடும் துப்பாக்கிக்குத்தான் குளிப்பாட்டு அதிகம் தேவை.

தாத்தாவின் முறையைச் சொல்லிவிடுகிறேன். முதல் வேலை கழுவுவது இல்லை, குழல் காலியா என்று பார்ப்பது. மருந்து இடிக்கும் கம்பியில் அவர் இரண்டு கோடு கீறி வைத்திருக்கிறார். காலிக் குழலில் கம்பி எவ்வளவு இறங்கும் என்பதற்கு ஒரு கோடு, மருந்து இருக்கும்போது எவ்வளவு இறங்கும் என்பதற்கு இன்னொன்று. கம்பியை விட்டு, கோடு குழல் வாயோடு நேராக வந்தால்தான் மேற்கொண்டு பேச்சு. குனிந்து குழல் வாயில் கண்ணை வைத்துப் பார்க்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. யாராவது அப்படிச் செய்தால் கையில் கிடைத்ததால் அடிப்பார். நாட்டுத் துப்பாக்கியின் பெரிய ஆபத்தே இதுதான். உள்ளே மருந்து இருப்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. போன மாசம் போட்ட மருந்து அப்படியே காத்துக்கொண்டிருக்கும். மருந்து டப்பாவும் கேப்பும் வேறு அறையில் இருக்கும், வெந்நீர் அடுப்புப் பக்கம் அவை வரவே கூடாது.

பிறகு கேப்புக் குமிழைச் சாவியால் கழற்றித் தனியாக ஒரு கிண்ணத்தில் வெந்நீரில் போடுவார். குழலில் புனல் வைத்து வெந்நீர் ஊற்றுவார். முதல் தண்ணீர் கறுப்பாக, அழுகின முட்டை நாற்றத்தோடு பின் ஓட்டை வழியாக வரும் (சல்பைடு தண்ணீரில் பட்டால் வரும் ஹைட்ரஜன் சல்பைடு நாற்றம், எங்கள் ஆய்வகத்தில் வருவதேதான்). இரண்டாவது தண்ணீரில் துளி சோப்பு. கம்பி நுனியில் துணி சுற்றிப் பம்பு மாதிரி மேலும் கீழும் இழுக்க, தண்ணீர் உள்ளே போய் வெளியே வரும். தண்ணீர் தெளிவாக வரும்வரை இது நடக்கும். நாலு தடவையும் ஆகலாம், எட்டுத் தடவையும் ஆகலாம். அவசரப்படக் கூடாது. கடைசியில் காய்ந்த துணி, துணி ஈரமில்லாமல் வரும்வரை. குழல் சூடாக இருப்பதால் மிச்ச ஈரம் தானே ஆவியாகிவிடும்.

ஒரு விஷயத்தில் நான் தாத்தாவோடு உடன்படவில்லை. அவர் கொதிக்கக் கொதிக்க ஊற்றுவார். அவ்வளவு கொதியில் ஊற்றினால் காயும்போதே உள்ளே மெல்லிய ஆரஞ்சுத் துரு பூப்பதை நான் வெள்ளைத் துணியில் பார்த்திருக்கிறேன். உப்பு கரைய அவ்வளவு சூடு தேவையே இல்லை. கை பொறுக்கும் சூடு போதும், கூடவே துணியால் நன்றாகத் துடைத்தால் போதும் என்பது என் கட்சி. இந்தச் சண்டை இன்னும் முடியவில்லை.

கழுவி உலர்த்திய பிறகுதான் எண்ணெய். எந்த எண்ணெய் என்பதில் ஊருக்கு ஊர் ஒரு மகாபாரதம். மெஷின் எண்ணெய், கிரீஸ் மாதிரி பெட்ரோலிய வகைகளைக் குழலுக்குள் விட்டுவிட்டு அதன்மேல் கருமருந்து சுட்டால், அது கரியோடு சேர்ந்து தார் மாதிரி கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். கருமருந்துக்குத் தாவர எண்ணெய், மிருகக் கொழுப்பு, தேன்மெழுகு இவைதான் ஒத்துப்போகும். தாத்தா விளக்கெண்ணெயில் கொஞ்சம் தேன்மெழுகு உருக்கி வைத்திருக்கிறார். விளக்கெண்ணெயைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். முதல் உலகப் போர் விமானங்களின் சுழல் எஞ்சினுக்கே அதைத்தான் ஊற்றினார்கள், காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான். நல்லெண்ணெய் வேண்டாம், நாளாக ஆகப் பிசுபிசுத்துப் பிசின் மாதிரி ஆகிவிடும். தேங்காய் எண்ணெய் பரவாயில்லை. ஆனால் மாதக்கணக்கில் சும்மா இருக்கப் போகும் துப்பாக்கிக்கு மெஷின் எண்ணெயே நல்லது என்பேன், மறுபடி மருந்து போடும் முன் சுத்தமாகத் துடைத்து எடுத்துவிடுவதாக இருந்தால். மாமாவின் முதல் கேப்பு ஏன் பிடிக்கவில்லை? நாங்கள் விட்ட எண்ணெயும் துருவும் சேர்ந்து அந்த ஊசித் துளையை அடைத்திருக்கிறது. எண்ணெய் அதிகமானாலும் ஆபத்துதான்.

துப்பாக்கிக்குப் பூசும் கொழுப்பு என்றதும் 1857 நினைவுக்கு வராமல் இருக்காது. என்ஃபீல்டு துப்பாக்கியின் தோட்டாக் காகிதத்தில் தடவியிருந்தது பசுக்கொழுப்பா, பன்றிக்கொழுப்பா என்ற சந்தேகம் வடக்கே எதில் போய் முடிந்தது என்று பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. ஆனால் அந்தக் கொழுப்பு எதற்கு என்று எந்த வாத்தியாரும் எங்களுக்குச் சொன்னதில்லை! புரிகள் வெட்டிய அந்தக் குழலில், சுடச் சுடக் கரி இறுகிக் குண்டு இறங்காமல் போய்விடும், அதை இளக்கத்தான் கொழுப்பு. பிரச்சினை கிளம்பியதும், சிப்பாய்கள் தங்களுக்கு ஒத்த மெழுகும் எண்ணெயும் தாங்களே பூசிக்கொள்ளலாம் என்று 1857 ஜனவரியிலேயே சொல்லிப் பார்த்தார்கள். அதற்குள் நம்பிக்கை போய்விட்டிருந்தது.

சரி, இவ்வளவு எதற்கு, அந்தத் துப்பாக்கியையே தலைமுழுகிவிட்டால் என்ன என்று என் நண்பன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்விதான். உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகள் மலையில் கள்ள வேட்டைக்குப் பயன்படுகின்றன என்பது பொய்யில்லை. இது சாம்பல் நிற அணிலுக்காக 1988-ல் அறிவித்த சரணாலயம், 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமாகவும் ஆகிவிட்டது. ஒரு காலத்தில் ஜமீன்கள் ராஜபாளையம் நாயை விட்டுப் பன்றி மடக்கிய காடு இது. அந்த நாய் 2005-ல் தபால் தலையில் ஏறிவிட்டது, வேட்டையும் 1972 சட்டத்தோடு முடிந்துவிட்டது. முடிந்ததில் எனக்கு வருத்தம் இல்லை.

ஆனால் சட்டத்தைக் கொஞ்சம் பாருங்கள். 1959 ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவு, உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழி மருந்து போடும் துப்பாக்கி கேட்கும் குடிமகனுக்கு உரிமம் தர வேண்டும் என்கிறது. 1972 வன உயிரினச் சட்டத்தின் 34-வது பிரிவோ, சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் புது உரிமம் தர வேண்டுமானால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் ஒப்புதல் வேண்டும் என்கிறது, பழைய உரிமக்காரர்களும் பதிந்துகொள்ள வேண்டும். பன்றியைச் சுடுவது பற்றி 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்ததும், காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது, 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3-க்கு அப்பால் மட்டும் வனத்துறையே சுடும் என்பதுதான். ஆக, அடிவாரத்து விவசாயியின் துப்பாக்கிக்கு மிச்சம் இருக்கும் ஒரே வேலை சத்தம் போடுவது. அதுவும் இருக்கும் துப்பாக்கிகளோடு சரி, புதிது வருவது குதிரைக் கொம்பு. தாத்தாவுக்குப் பிறகு எங்கள் உரிமம் என்னவாகும் என்று எனக்கே தெரியாது.

அந்தச் சத்தமும் போய்விட்டால் என்ன வரும் என்று எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். திருட்டு மின்வேலி, இல்லாவிட்டால் அவுட்டுக்காய். பன்றிக்கு வைத்த அவுட்டுக்காயைக் கடித்த யானை வாய் கிழிந்து, சாப்பிட முடியாமல் பட்டினி கிடந்து சாகும். மின்வேலி பன்றி, யானை, மனிதன் என்று பார்ப்பதில்லை. வேலிகளை முறைப்படுத்த 2023-ல் தமிழக அரசு விதியே கொண்டுவர வேண்டியிருந்தது. இவற்றோடு ஒப்பிட்டால் வருடத்துக்கு இருபது முப்பது முறை 'டொம்' என்று சொல்லும் ஒரு கிழட்டுத் துப்பாக்கி எவ்வளவோ தேவலை. ஆனால் அது வீட்டுக்காரன் முகத்தில் வெடிக்காமல் இருக்க வேண்டும்.

அதனால் எனக்கு இரண்டு கோரிக்கைகள் இருக்கின்றன. 2016 ஆயுத விதிகளில் உரிமம் கேட்பவருக்குப் பாதுகாப்புப் பயிற்சி உண்டு. நல்லது. அதற்கு முன்பே உரிமம் வாங்கிய எங்கள் தாத்தாக்களுக்கும், அவர்களுக்குப் பதில் துப்பாக்கியைச் சுமக்கும் மாமாக்களுக்கும் யார் சொல்லித் தருவது? உரிமத்தைப் புதுப்பிக்க ஐந்து வருடத்துக்கு ஒரு முறை எப்படியும் வருகிறார்களே, அப்போது அரை மணி நேரம் குழல் கழுவுவது எப்படி, குமிழின் மரை தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பது எப்படி என்று காட்டினால் போதும். இரண்டாவது, தேர்தல் ஒப்படைப்பு. வாங்கி வைக்கும் காவலர்களை நான் குறை சொல்லவில்லை, நூறு துப்பாக்கியைக் கழுவி எண்ணெய் போடுவது அவர்கள் வேலையும் இல்லை. ஒப்படைக்கச் சொல்லும் அறிவிப்பிலேயே "மருந்து எடுத்து, கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசிக் கொண்டுவரவும்" என்று ஒரு வரி சேர்த்தால் என்ன செலவு? காலிக் குழலோடு வருவது வாங்கி வைப்பவருக்கும்தான் பாதுகாப்பு.

எங்கள் துப்பாக்கியை உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து மரையைப் புதுப்பித்து, வேறு குமிழ் போட்டு வாங்கிவிட்டோம். குழலின் உள்ளே குழி விழுந்த இடங்கள் அப்படியேதான் இருக்கும், அதற்கு வைத்தியம் இல்லை, மருந்தைக் குறைத்துப் போடுகிறார் தாத்தா. சுட்ட ராத்திரி வெந்நீர் வைப்பது இப்போது என் வேலை. மாமா தோப்புக்கு வருகிறார், துப்பாக்கி இருக்கும் அறைக்குள் மட்டும் வருவதில்லை. உங்கள் வீட்டுப் பரணிலோ மூலையிலோ ஒன்று இருந்தால், அடுத்த தேர்தல் வரை காத்திருக்காமல், முதலில் கம்பியை விட்டுக் கோட்டைப் பாருங்கள். கம்பியில் கோடு இல்லை என்றாலோ, கொஞ்சமாவது சந்தேகம் இருந்தாலோ, அப்படியே வைத்துவிட்டுத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.